கயிற்றின் மேல்முனை

மச்சான்,

இன்று காலையில் ஓரா மீன் முள் குத்திவிட்டது. பேரன் பெண்டாட்டி ரோஸ்லின் சந்தையிலிருந்து மீன் வாங்கி வந்து சட்டியில் போட்டிருந்தாள். கண் மங்கியவன் சட்டியில் கையை விட்டால் வேறென்ன நடக்கும். முதுகுமுள் பெருவிரலில் ஏறி, கடுப்பு தோள்வரைக்கும் வந்தது. "ஓரா" என்று கத்திவிட்டேன். அவள் ஓடிவந்து, "மீன் பேரச் சொல்லியா கத்துவாக? அம்மான்னுல்லா கத்தணும் தாத்தா" என்றாள். அவளுக்கு எப்படித் தெரியும். அந்த ஒரு வார்த்தைக்கு நீ இருபதுக்கு மேல் வாத்தியங்களைக் கூட்டிவைத்ததை அறிந்தவர்களில் இப்போது உயிரோடு இருப்பவன் நான் ஒருத்தன்தான்.

வெந்நீரில் கையை முக்கி உட்கார வைத்திருக்கிறாள். கைக்குத்தான் வேலை, வாய் சும்மா கிடக்கிறது. எனக்கு எழுத்துத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல அவள் எழுதுகிறாள். என் பேச்சைக் கொஞ்சம் வெளுத்துத்தான் எழுதுவாளாம். எழுதட்டும்.

அந்தக் காலத்தில் கோயிலில் எல்லாம் லத்தீன்தான். மாலைப் பிரார்த்தனையில் உபதேசியார் மாதாவின் பட்டப்பெயர்களை ஒவ்வொன்றாக ராகம் போட்டுப் பாடுவார். ஒவ்வொன்றுக்கும் கோயில் மொத்தமும் "ஓரா புரோ நோபிஸ்" என்று பதில் பாடும். அர்த்தம் ஒருவருக்கும் தெரியாது. வலை கட்டுகிற ஊரில் ஓரா என்றால் ஓரா மீன்தான். ஒருநாள் நீ உபதேசியாரிடம் போய், "மாதாட்ட கேக்குறதே கேக்கோம், நல்ல சீலா மீனாக் கேக்கக் கூடாதா? வருசம் பூரா இந்த முள்ளு மீனையே கேக்கணுமா?" என்றாய். அவர் உன் காதைத் திருகினார். பக்கத்தில் நின்று சிரித்ததற்காக என் காதையும் திருகினார்.

நான் உன் தங்கச்சியைக் கட்டிய வருசத்தில்தான் உனக்கு அர்த்தம் தெரிந்தது. உனக்கு வயலின் சொல்லிக்கொடுத்த வெள்ளைக்காரச் சாமியார் சொன்னார். எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் என்று அர்த்தமாம். நம் முன்னோர்கள் ஞானஸ்நானம் வாங்கிய காலத்துக்கும் முந்திய ராகமாம் அது. நீ கடற்கரைக்கு வந்து இதைச் சொன்னதும் எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது.

"அப்ப மீன் இல்லையா மச்சான்?"

"மீனா இருந்தா ஒருநாளாவது கெடச்சிருக்கும் மாப்ள. இது வெறும் கேக்குறது. எத்தன தரம் கேட்டாலும் அடுத்த வரியும் கேக்குறதாத்தான் இருக்கு."

அதைச் சொல்லும்போது நீ சிரித்துக்கொண்டுதான் இருந்தாய். அந்தச் சிரிப்பு எனக்கு அன்றைக்கே பிடிக்கவில்லை.

என்னை மாதிரிக் கடலடியில் சங்கு குளிக்கிறவனின் கயிற்றை அவன் பெண்டாட்டியின் அண்ணனோ தம்பியோதான் பிடிக்க வேண்டும் என்பது நம் கரையின் வழக்கம். கூடப்பிறந்தவள் தாலி போக எவனும் கயிற்றை நழுவவிட மாட்டான் என்று பெரியவர்கள் கண்டுபிடித்த உபாயம். கடல் என்றாலே குமட்டுகிறவன் நீ. வயலின் பிடித்த விரலெல்லாம் கயிறு உரசிக் கொப்பளித்தது. ஆனாலும் என் கல்யாணத்துக்குப் பிறகு ஒருநாள்கூட நீ வள்ளத்தில் ஏறத் தவறவில்லை. முத்துக் குளிக்கிற சலாபம் அந்த வருசங்களில் திறக்கவே இல்லை. கடலடிப் பாறைத் திட்டான பாரில் சிப்பி இல்லை என்றார்கள். சங்குதான் நமக்குச் சோறு போட்டது. கல்லைக் கட்டிக்கொண்டு நான் இறங்குவேன். மூச்சு முடியப்போகும்போது கயிற்றை ரெண்டு தரம் இழுப்பேன். உடனே மேலே கனம் தெரியும். அந்தக் கனம்தான் நீ. தண்ணீரைவிட்டு வெளியே வந்ததும் சூரியனுக்கு முன்னால் நான் பார்ப்பது உன் கையைத்தான்.

ஒருநாள் வள்ளத்து விளிம்பில் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கையில் கேட்டாய்.

"அடியில என்னடே கேக்கும்?"

"நம்ம நெஞ்சடிக்கிறது கேக்கும். அதுக்குங் கீழே ஒரு உறுமல். நிக்கவே நிக்காது."

"அதை எனக்கு ஊதிக் காட்டணும்" என்றாய். கோயில் பேண்டில் ஒரு பெரிய பித்தளைக் குழல் கிடந்தது. பேண்டுக்காரர்கள் அதைப் பேஸ் என்பார்கள், ஊர்ப் பிள்ளைகள் யானை என்பார்கள். அதை ஊத மூச்சுள்ள ஆள் இல்லாமல் சும்மா கிடந்தது. நீ அதைத் தூக்கி என் தோளில் மாட்டினாய். நான் ஊதியதும் கூரையிலிருந்த புறாவெல்லாம் பறந்தது. நீ கண்ணை மூடிக்கொண்டு கேட்டாய்.

அப்புறம் என்னைத் தெற்கே இருந்த சின்னக் கோயிலுக்குக் கூட்டிப்போனாய். அங்கே பலகையில் தீட்டிய பழைய படம் ஒன்று உண்டு. எந்தக் காலத்திலோ கப்பலில் வந்ததாம். தலைமுறை தலைமுறையாக மெழுகுவர்த்திப் புகை படிந்து படம் மொத்தமும் கறுத்துப்போயிருந்தது. அடிப்பக்கம் மட்டும் கொஞ்சம் மிச்சம். ஒரு படகின் வயிறு, புயல் தண்ணீர், தண்ணீருக்கு வெளியே ஒரு கை. அந்தக் கை ஒரு கயிற்றைப் பற்றியிருந்தது. கயிறு மேலே போய்க் கறுப்புக்குள் மறைந்தது. சின்ன வயதிலிருந்து பார்த்த படம்தான். நீ காட்டிய பிறகுதான் அந்தக் கயிறு என் கண்ணில் பட்டது.

"மேல யாரு பிடிச்சிருக்கான்னு தெரியலயே" என்றேன்.

"அதான் மாப்ள" என்றாய்.

மூன்றாவதாக ஒரு பாட்டு. அது உங்கள் வீட்டில் இருந்தது. உன் தங்கச்சி சங்குச் சதையை நோண்டிக் கழுவிக்கொண்டே பாடுவாள். உன் அம்மையிடமிருந்து அவளுக்கு வந்தது.

கயிறு வந்தது கடலே கடலே
கட்டிய கையைக் காணோமே
மேலே நின்று பிடித்தவர் யாரோ
மெல்லச் சொல்லு கேட்போமே.

இந்த மூன்றையும் வைத்துத்தான் நீ அந்தப் பெரிய இசையைக் கட்டினாய். உபதேசியாரின் ராகம், புகை மூடிய படம், உன் அம்மையின் பாட்டு. ஆண் பெண் குரல் ஒன்றும் கிடையாது, வாத்தியம் மட்டும்தான் என்றாய். பெரியதாழையிலிருந்து வயலின் வாசிக்கும் அண்ணன் தம்பி வந்தார்கள். பேண்டிலிருந்து கார்னெட் ஊதும் குருசு வந்தான். மழைக்குக் கொட்டகை போட்டு உட்கார்ந்திருந்த நாடகக் கம்பெனியிலிருந்து கிளாரினெட் அண்ணாச்சி வந்தார். மடத்திலிருந்து மிதி ஆர்மோனியமும் அதை வாசிக்கிற வாத்தியாரும் வந்தார்கள். அவரவர் தெரிந்தவரை இழுத்துவர, கூட்டம் சேர்ந்துவிட்டது. துறைமுகத்துக்குப் பின்னால் உப்பு மூட்டை அடுக்குகிற ஒரு கிட்டங்கியில், ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் பழகுவோம். உதட்டை நக்கினால் உப்புக் கரிக்கும்.

எல்லோரையும் முதலில் படத்தின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாய். "நீங்க அந்தத் தண்ணி. நீங்க படகு. அண்ணாச்சி, நீங்க காத்து, படத்துல தெரியாது, ஆனா எல்லாம் சாஞ்சு கெடக்குறது ஒங்களாலதான்." அண்ணாச்சிக்குப் பெருமை பிடிபடவில்லை. கடைசியாக என்னைப் பார்த்து, "மாப்ள, நீ அந்தக் கை" என்றாய்.

எனக்கு நீ எழுதிவைத்த தாளைப் படிக்கத் தெரியாது. அதற்கு நீ செய்த வழியை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது. வள்ளத்துக் கயிற்றிலிருந்து ஒரு புரியைப் பிரித்து, ஒரு முனையை உன் கணுக்காலிலும் மறுமுனையை என் மணிக்கட்டிலும் கட்டினாய். நீ ஒரு தரம் இழுத்தால் நான் ஊத வேண்டும், ரெண்டு தரம் இழுத்தால் நிறுத்த வேண்டும். அண்ணாச்சி அதைப் பார்த்துவிட்டு கிளாரினெட்டைக் கீழே வைத்தார்.

"என்னவே, மாட்டக் கட்டுன மாதிரி மாப்ளயக் கட்டிப் போட்டிருக்கீரு. அவுத்துவிட்டா மேயப் போயிருவாரோ?"

"அவுத்துவிட்டா முங்கிருவாரு அண்ணாச்சி."

கிட்டங்கி முழுக்கச் சிரிப்பு. குருசுக்குக் கார்னெட்டில் வாய் வைக்க முடியவில்லை.

அந்த இசை எப்படி இருந்தது என்று ரோஸ்லின் இப்போது கேட்கிறாள். சொல்லத் தெரியவில்லை. முதலில் உன் வயலின் தனியாக உபதேசியார் மாதிரிக் கூப்பிடும். எல்லா வாத்தியமும் சேர்ந்து ஓரா என்று விழும், மேலிருந்து கீழாக ரெண்டே சுரம். மறுபடி கூப்பிடும், மறுபடி விழும். அப்புறம் கூப்பிடுவது மங்கி, விழுவது மட்டும் கனத்துக்கொண்டே போகும். கறுப்புக்கு மேல் கறுப்பாகப் பூசுவது மாதிரி ஆர்மோனியம் அடியில் படரும். நடுவில் உன் தங்கச்சியின் பாட்டைக் கிளாரினெட் எடுக்கும். அதைக் கேட்டால் அவள் கிட்டங்கி வாசலில் உட்கார்ந்து கைவேலையை விட்டுவிடுவாள். கடைசியில் ஒவ்வொன்றாக எல்லா வாத்தியமும் நின்றுபோகும். என் உறுமல் மட்டும் இருக்கும். எவ்வளவு நேரம் என்று நீ தாளில் எழுதவே இல்லை. "நீ முங்குற மூச்சு எம்புட்டோ அம்புட்டு" என்றாய். அந்த இடத்தில் மட்டும் முறை மாறும். மூச்சு தீரும்போது நான்தான் கயிற்றை ரெண்டு தரம் இழுக்க வேண்டும். உடனே உன் வயலின் அடியிலிருந்து எழுந்து, ஒவ்வொரு வாத்தியமாகச் சேர்த்துக்கொண்டு என்னை மேலே தூக்கும். அதுதான் முடிவு.

அந்த இடத்தை மட்டும் பழக்கத்தில் நீ ஒருநாளும் வாசித்ததில்லை. நான் இழுத்ததும், "போதும், மீதிய அன்னைக்குப் பாத்துக்கிடலாம்" என்று வில்லைத் துடைக்க ஆரம்பித்துவிடுவாய். விருந்துக்கு எடுத்துவைக்கிற பலகாரம் மாதிரி என்று நினைத்துக்கொண்டேன்.

திருவிழாவில் கோயிலுக்குள் வாசிக்கக் கேட்டோம். பெயர் என்ன என்று கோயில் பெரியவர் கேட்டார். நீ "ஓரா" என்றாய். சாமியார் இருந்திருந்தால் விளக்கியிருப்பார். அவரை அதற்குள் வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். பெரியவர் முகம் சிவந்தது. "பரிசுத்த பிரார்த்தனைய மீனாக்கிப்புட்டு, அதுக்குக் கோயில்ல எடமும் கேக்கியளாலே?" என்றார். நீ அர்த்தம் சொல்லப் போனாய். "எனக்கே லத்தீன் சொல்லித்தாரியோ" என்று எழுந்து போய்விட்டார். அவரும் அத்தனை வருசமாக மீனைத்தான் கூப்பிட்டிருக்கிறார், பாவம்.

சரி, கடற்கரையில் வாசிப்போம் என்றாய். அதற்குள் யுத்தம் நம் ஊர்ப் பக்கம் மூச்சுவிட ஆரம்பித்தது. ஜப்பான்காரன் துறைமுகத்தில் குண்டு போடுவான் என்று பேச்சு. பெரியதாழை அண்ணன் தம்பியை அவர்கள் அம்மை ஊரைவிட்டு அனுப்ப மறுத்துவிட்டாள். குருசு பட்டாளத்துப் பேண்டில் சேர்ந்து, பூட்ஸ் காலோடு வந்து சொல்லிக்கொண்டு போனான். ஜனங்கள் உடன்குடிப் பக்கம் சொந்தக்காரர் வீடுகளுக்குச் சட்டிபானையோடு போனார்கள். ஒவ்வொரு ஞாயிறும் கிட்டங்கியில் இடம் கூடிக்கொண்டே வந்தது. நீ மட்டும் ஆள் இல்லாத இடங்களையும் அப்படியே விட்டு, யாரையும் நெருங்கி உட்காரவிடவில்லை.

வாசிப்பதாகச் சொன்ன அன்றைக்குச் சாயங்காலம் கரையில் ஐந்து பேர் நின்றோம். நீ, நான், அண்ணாச்சி, ஆர்மோனிய வாத்தியார், மத்தளம் மாதிரி ஒன்றை வைத்திருந்த ஒரு கிழவர். கேட்க உன் தங்கச்சியும் வலை உலர்த்த வந்த நாலைந்து பெண்களும். நீ எதையும் குறைக்கவில்லை. குருசு ஊத வேண்டிய இடம் வந்ததும் அவன் நிற்க வேண்டிய மணலைப் பார்த்துக் கை காட்டினாய். அங்கே அலைச் சத்தம் மட்டும். அவன் ஊதி முடிக்கும் நேரம்வரை காத்திருந்து அடுத்த இடத்துக்குத் திரும்பினாய்.

"ஏளா, அங்கன யாரு இருக்கான்னு கை காட்டுதான் ஒங்க அண்ணன்? கிறுக்குப் புடிச்சிட்டா?" என்று ஒருத்தி உன் தங்கச்சியைக் கேட்டாள்.

"சும்மா இருளா" என்று அவள் பல்லைக் கடித்தாள்.

அண்ணாச்சி பாட்டை எடுத்து முடித்து நிறுத்தினார். ஆர்மோனியம் நின்றது. என் உறுமல் மட்டும். அன்றைக்கு ஊதிய மாதிரி நான் அதற்கு முன்னும் பின்னும் ஊதியதில்லை. நெஞ்சு தீய்ந்து கண்ணுக்குள் பொறி பறக்கும்வரை பிடித்திருந்தேன். பிறகு கயிற்றை ரெண்டு தரம் இழுத்தேன்.

கனம் இல்லை. கயிறு அப்படியே என் பக்கம் வந்துவிட்டது. நீ உன் கணுக்காலிலிருந்து அவிழ்த்திருந்தாய். வயலின் மணலில் கிடந்தது. நீ கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாய்.

எல்லோரும் போன பிறகு நான் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன். "ஏன் மச்சான் இழுக்கல?" என்றேன்.

"எழுதவே இல்ல மாப்ள. அந்த எடம் எனக்கு வரல. ஒருநாளும் வரல."

"இம்புட்டும் எழுதுன ஒனக்கு அது வராதா?"

"எங்கேருந்து எழுத? பிரார்த்தனையில கேக்குறது மட்டுந்தான் இருக்கு. அம்ம பாட்டு கேள்வியோட முடிஞ்சு போகுது. படத்துல மேல கறுப்பு. மூணுலயும் மேல ஆளு இல்ல. அன்னைக்கு வில்ல வச்சா தன்னால வந்துரும்னு இருந்தேன். நீ இழுக்கப்போறன்னு தெரிஞ்சதும் பயந்து அவுத்துட்டேன்."

வள்ளத்தில் ஒருநாளும் பிந்தாத ஆள் நீ.

அதற்கு அப்புறம்தான் கொழும்புப் பேச்சு. மாற்றலாகிப் போகுமுன் சாமியார் உன்னிடம் ஒன்று சொல்லியிருந்தார். அதே ஆள் தீட்டிய அதே படம் இன்னொரு பலகையில் கொழும்பில் ஒரு கோயிலில் இருக்கிறதாம், புகை படாமல். அதில் மேல்பாதி தெரியுமாம். "பாத்துட்டு வந்துருதேன். யாரு பிடிச்சிருக்கான்னு தெரிஞ்சா போதும், இழுக்குற எடம் வந்துரும்" என்று தாள்கட்டுகளையெல்லாம் மெழுகுத்துணியில் சுற்றி எடுத்துக்கொண்டாய். கருப்பட்டி ஏற்றிப் போகிற தோணியில் இடம் கேட்டிருந்தாய்.

உன் தங்கச்சி வாசலை மறித்து நின்றாள். "படத்துல யாரு பிடிச்சா ஒனக்கென்ன? இங்கன இவுக கயித்த யாரு பிடிப்பா?"

"நான் வாரவரைக்கும் முங்க வேண்டாம்னு சொல்லு" என்றாய், நான் பக்கத்தில் நிற்கும்போதே.

தோணி கொழும்பு சேர்ந்தது. அது எங்களுக்குத் தெரியும். சரக்கு இறக்கி, வேறு சரக்கோடு உன்னையும் ஏற்றித் திரும்பியது. அதுவும் தெரியும். நம் கரைக்கு வரவில்லை. புயலா, யுத்தக் கப்பலா, யாருக்கும் தெரியாது. ஒரு பலகைகூட ஒதுங்கவில்லை. முன்னால் கிளம்பிய வேறு தோணிக்காரர் ஒருவர் வீடு தேடி வந்தார். கொழும்புத் துறையில் உன்னைப் பார்த்தாராம். நீ சொல்லியனுப்பியது இவ்வளவுதான்: "மாப்ளைட்ட சொல்லுங்க, மூச்ச எடுத்து வச்சுக்கிடட்டும்."

படத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாயா, பார்க்கப் போகையில் சொன்னாயா என்று அவரிடம் எத்தனையோ விதமாகக் கேட்டேன். "அது தெரியாது தம்பி, ஆளு சிரிச்சுக்கிட்டுத்தான் இருந்தாரு" என்றார். எந்தச் சிரிப்பு என்று அவரிடம் கேட்டு என்ன பயன்.

எனக்கு வேறு மச்சான் கிடையாது. அப்புறம் நான் கடலில் முங்கவில்லை. துறைமுகத்தில் மூட்டை தூக்கினேன். உன் தங்கச்சி அந்தப் பாட்டை மறுபடி வாய் திறந்து பாடவில்லை. அவளை அடக்கம் செய்த அன்றைக்கு யாராவது பாடுவார்களா என்று பார்த்தேன், தெரிந்தவர் யாரும் இல்லை. எனக்குத்தான் தெரியும், நான் பாடவில்லை. அண்ணாச்சியும் போய்விட்டார். குருசு பட்டாளத்திலிருந்து திரும்பவே இல்லை.

ஏழெட்டு வருசத்துக்கு முன்னால் அந்தச் சின்னக் கோயிலைப் புதுப்பித்தார்கள். படத்தைத் துடைக்க வெளியூரிலிருந்து ஒரு ஆள் வந்தான். நான் தினமும் போய் பெஞ்சில் உட்கார்ந்துகொள்வேன். அவன் பஞ்சில் எதையோ நனைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்தான். கறுப்பு கரைந்து பாய் தெரிந்தது, வானம் தெரிந்தது, கயிறு நீண்டுகொண்டே மேலே போனது. எனக்கு நெஞ்சு அடித்த அடி, அடியில் கேட்குமே அது மாதிரிக் கேட்டது. கயிறு படத்தின் மேல் விளிம்புவரை போய் நின்றுவிட்டது.

"இன்னும் தேயிப்பா" என்றேன்.

"இதுக்கு மேல பலகை இல்ல தாத்தா. சட்டத்துக்குத் தகுந்தாப்ல எப்பவோ அறுத்திருக்காங்க. பாருங்க, ரம்பம் போன தடம் இருக்கு."

விரலால் தடவிப் பார்த்தேன். சொரசொரப்பாக இருந்தது.

கொழும்புப் பலகையையாவது அறுக்காமல் விட்டிருப்பார்களா? நீ பார்த்திருந்தால் அந்த முடிவு உனக்கு வந்திருக்கும். திரும்பும் வழியில் எழுதியும் முடித்திருப்பாய். அப்படியானால் அது இப்போது நீ இருக்கிற இடத்தில், மெழுகுத்துணிக்குள் இருக்கிறது. பார்க்காமலே போயிருந்தால் அதுவும் இல்லை. எப்படியானாலும் என் காதுக்கு வராது. இதை நான் நாற்பது வயதில் ஒத்துக்கொள்ளவில்லை, இப்போது ஒத்துக்கொண்டுவிட்டேன்.

அந்தப் பெரிய இசையில் மிஞ்சியது என்னுடைய உறுமல் ஒன்றுதான். ரோஸ்லின் கேட்டாள் என்று சற்றுமுன் வாயாலேயே செய்து காட்டினேன். எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். "கப்பல்ல ஊதுற சங்கு மாதிரி இருக்கு தாத்தா. பாட்டு எங்க?" என்றாள். அவள் மேல் தப்பில்லை. தனியாகக் கேட்டால் அது பாட்டே இல்லை. மேலே வேறு ஏதோ இருந்தது என்று நான் சொல்வதை அவள் நம்பித்தான் ஆக வேண்டும்.

நீ சொன்னபடி மூச்சை எடுத்துத்தான் வைத்திருந்தேன் மச்சான். பீடி குடிக்கவில்லை, சண்டையில் கத்தவில்லை. ஆனால் இப்போது கட்டிலிலிருந்து வாசலுக்கு வருவதற்குள் அது முடிந்துவிடுகிறது. சற்றுமுன் செய்து காட்டியதே பாதியில் இருமலாகிப்போனது. இனி அந்த நீளத்துக்கு எனக்கு ஊத வராது.

வெந்நீர் ஆறிவிட்டது. கடுப்பு இறங்கவில்லை. மணிக்கட்டில் கட்டியிருந்த அந்தப் புரி எந்தக் காலத்திலோ நைந்து போய்விட்டது. ஆனாலும் கட்டியிருந்த இடம் எனக்குத் தெரியும். இங்கே உட்கார்ந்து ரெண்டு தரம் இழுத்துவிட்டேன். ரோஸ்லின் என் கையைப் பார்க்கிறாள், வலியில் ஆட்டுகிறேன் என்று நினைக்கிறாள்.

கனம் ஒன்றும் தெரியவில்லை மச்சான்.